மிகைமதிப்பீடா, கூட்டி மதிப்பிடுதலா?
(பேசுவோர் ஊர்ப்பெயரால் குறிக்கப்பட்டுள்ளனர்.)

திருமங்கலம்:
வணக்கம். கண்மாய் நீரளவு பற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வண்டல் படிந்து தரை மேடேறிவிட்ட கண்மாயில் கலுங்கு (நிரம்பிய நீர் வழிந்தோடும் இடம்) மட்டம் மாறாது, அளவுகோலும் அதே அடியைத்தான் காட்டும், ஆனால் பழைய கொள்ளளவை வைத்துக் கணக்குப் போட்டால் இல்லாத தண்ணீரும் சேர்ந்து வரும். இந்தத் தவறுக்கு ‘மிகைமதிப்பீடு’ என்று எழுதியிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் புரியுமா?

பசுமலை:
அம்மா, மிகையை விட்டுவிடாதீர்கள். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் ‘குன்றக் கூறல், மிகைபடக் கூறல்’ என்றுதான் தொடங்குகிறது; தொல்காப்பிய மரபியலிலும் இரண்டும் உண்டு. எதிர்ச்சொல்லுக்கும் அங்கேயே வழி இருக்கிறது, குன்றுமதிப்பீடு. அப்புறம் மதிப்பீட்டில் உள்ள ‘ஈடு’ அடமானம் வைக்கிற ஈடு அல்ல. சுடு சூடானதுபோல, கெடு கேடானதுபோல இடு ஈடானது. முதனிலை திரிந்த தொழிற்பெயர். இதையும் கையேட்டில் ஒரு வரி சேர்க்கலாம்.

மேலூர்:
ஐயா, நீர்க் கணக்குக் கையேட்டில் தொழிற்பெயர் இலக்கணம் எதற்கு? குன்று என்றதும் இங்கே பிள்ளைகளுக்குத் திருப்பரங்குன்றம்தான் நினைவுக்கு வரும், அதற்குக் குறைமதிப்பீடு போதும். மிகையிலும் எனக்குச் சிக்கல் இருக்கிறது. ‘குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்’ என்ற குறளில் மிகை தவறே இல்லை, இரண்டில் எது கூடுதலோ அது. போனஸுக்கு மிகை ஊதியம் என்கிறோம், யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. ‘குறைத்து மதிப்பிடாதே’ என்று எல்லோரும் பேசுகிறோமே, அதற்கு நேர் எதிர் ‘கூட்டி மதிப்பிடுதல்’. ‘கூடப் போட்டுட்டாய்ங்க’ என்று ஊரில் சொல்வதற்கும் பக்கத்தில் நிற்கிறது.

பசுமலை:
வினையாகச் சொல்ல அது சரி தம்பி. அட்டவணையில் ‘கூட்டி மதிப்பிட்ட கொள்ளளவு’ என்று போட்டுப் பாருங்கள், பல கண்மாய்களைச் சேர்த்துக் கூட்டிய மொத்தம் என்று படிப்பார்கள்.

உசிலம்பட்டி:
அந்தக் குழப்பம் கட்டாயம் வரும், நான் மிகைமதிப்பீட்டின் பக்கம். ஆனால் எண்ணுக்கு மட்டும். ஓர் ஆளைத் தகுதிக்கு மேல் நினைப்பதற்கு ‘மிகைமதிப்பு’ என்று தனியாக இருக்கட்டும்.

திருமங்கலம்:
சரி, நேரமில்லை. அட்டவணையில் மிகைமதிப்பீடு, குறைமதிப்பீடு. பாடத்தில் முதல்முறை வரும் இடத்தில் ‘உள்ளதைவிடக் கூட்டி மதிப்பிடுதல்’ என்று விளக்கம். மூன்று பேர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

மேலூர்:
நான் ஒத்துக்கொள்ளவில்லை அம்மா, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வில் பிள்ளைகள் அட்டவணைச் சொல்லைத்தான் மனப்பாடமாக எழுதுவார்கள், விளக்கத்தை யாரும் படிக்கப்போவதில்லை. மொத்தம் என்று குழம்புவதுதான் பிரச்சினை என்றால் ‘கூடுதல் மதிப்பீடு’ என்று போட்டிருக்கலாமே, அதை யாரும் யோசிக்கவில்லை.

பசுமலை:
கூடுதல் மதிப்பீடு என்றால் இன்னொரு முறை மதிப்பிட்டது என்றும் ஆகும்.