மாலோ செடியின் பெயர்: கிரேக்கக் கடனா, கிரேக்கத்துக்கும் முந்தியதா?

பாய்மரம்:
துத்தி, செம்பருத்திக் குடும்பத்து மாலோ செடியைப் பற்றி ஓலைநறுக்கு நேற்று போட்ட பதிவைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "மாலோ செடிக்கு ஐரோப்பா முழுக்க ஒரே பெயர்தான். இத்தாலிய மால்வா, பிரெஞ்சு மோவ், ஜெர்மன் மால்வே, ஆங்கில மாலோ எல்லாமே மென்மை என்று பொருள்படும் கிரேக்க 'மலகோஸ்' பெற்ற பிள்ளைகள்" என்று அடித்துச் சொல்கிறார். இந்த நாலும் லத்தீன் 'மால்வா'வின் வழி வந்தவை. அதை யாரும் மறுக்கவில்லை. அந்த 'மால்வா'வே கிரேக்கத்திலிருந்து வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? கிரேக்கத்தில் செடியின் பெயர் 'மலாகே'. அதில் 'வ' எங்கே இருக்கிறது?

ஓலைநறுக்கு:
வாங்க பாய்மரம். குங்குமப்பூ விவாதத்தில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை போல. ரோமானிய அறிஞர் பிளினியே எழுதியிருக்கிறார்: வயிற்றை இளக்குவதால் 'மலாகே' என்று பெயர். அந்தக் காலத்து ஆளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?

பாய்மரம்:
பிளினியை முழுசாகப் படியுங்கள். சாகுபடி மாலோவில் இரண்டு வகை சொல்கிறார். பெரிய இலை உள்ளதைக் கிரேக்கர் 'மலோப்பே' என்கிறார்கள். மற்றது வயிற்றை இளக்குவதால் 'மலாகே' எனப் பெயர் பெற்றதாக *நினைக்கிறார்கள்*. நினைக்கிறார்கள் என்பது பிளினியின் சொல். அதைத்தான் நீங்கள் சௌகரியமாக விழுங்கிவிட்டீர்கள். போகட்டும், அவர் பேசுவது 'மலாகே' பற்றி. 'மால்வா'வின் 'வ' எங்கிருந்து வந்தது?

இலைக்கறி:
ஒரு சந்தேகம். எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறீர்கள்? ஊதாப் பூ பூக்கும் காட்டு மாலோவா, சதுப்பு நிலத்து மார்ஷ்மாலோவா, வீட்டு முன்னால் வளர்க்கும் உயரமான ஹாலிஹாக்கா? மூன்றும் நம்ம துத்தி, வெண்டை, செம்பருத்தியின் குடும்பம்தான். ஆனால் மூன்றுக்கும் பெயர்கள் வெவ்வேறு வழியில் வந்தவை.

ஓலைநறுக்கு:
'வ', 'வ' என்று கத்தினால் ஆயிற்றா? கிரேக்கத்தில் ஆலிவ் 'எலையா'. லத்தீனில் 'ஒலீவா'. அங்கே 'வ' வரவில்லையா?

பாய்மரம்:
வசமாக மாட்டினீர்கள். பழங்கிரேக்கத்திலேயே ஆலிவின் பெயரில் 'வ' இருந்தது. மைசீனியக் காலத்துக் கிரேக்கக் களிமண் பலகைகளில் 'எ-ரா-வா' என்றே எழுதியிருக்கிறது. கிரேக்கர் பிற்பாடு அதைத் தொலைத்தார்கள், லத்தீன் அதற்கு முன்பே வாங்கிக்கொண்டது. 'மலாகே'யில் அப்படி ஒரு பழைய 'வ'வைக் காட்டுங்கள், பார்ப்போம். இருப்பது மூச்சொலி சேர்ந்த 'க'. அது லத்தீனுக்குப் போனால் என்ன ஆகும் என்று தெரியும்: கருவியைக் குறிக்கும் 'மாகனா' 'மாகினா' ஆனது, தாளைக் குறிக்கும் 'கார்தேஸ்' 'கார்தா' ஆனது. எதுவும் 'வ' ஆகவில்லை.

இன்னொன்று. தமிழில் எழுதினால் மலகோஸ், மலாகே இரண்டிலும் ஒரே 'க'. கிரேக்கத்தில் இரண்டும் வேறு எழுத்து, வேறு ஒலி. அதற்கு மேல் 'மொலோகே' என்று இன்னொரு வடிவமும் உண்டு. சொந்தச் சொல்லாக இருந்தால் உயிரெழுத்து இப்படி ஆட்டம் போடாது. கிரேக்கரும் ரோமரும் அந்தக் கடற்கரைகளில் முன்பே இருந்த ஏதோ ஒரு மொழியிலிருந்து தனித்தனியாக எடுத்துக்கொண்ட சொல் இது.

ஓலைநறுக்கு:
பெயரே தெரியாத ஒரு மொழி! எது தெரியவில்லையோ அதையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டலாம். கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் 2,700 ஆண்டுகளுக்கு முன்பே மாலோவின் நன்மையைப் பாடிவிட்டார். அப்போது ரோமில் ஓர் இலக்கியம் உண்டா?

பாய்மரம்:
முதலில் எழுதியவன் வீட்டில்தான் சொல் பிறந்தது என்று எந்த மொழியியல் சொல்கிறது? 'வ'வுக்குப் பதில் வரவில்லை.

கல்தூண்:
இருவருக்கும் சொல்கிறேன். விவிலியத்தில் யோபு 30:4 பாருங்கள். எபிரேயத்தில் 'மல்லுவா'. ஆங்கிலத்தில் 1611 மொழிபெயர்ப்பில் 'மாலோஸ்'. மூலம் எபிரேயமே.

பாய்மரம்:
'மல்லுவா' வந்தது உப்பைக் குறிக்கும் 'மெலாக்'கிலிருந்து. அது உப்புநிலப் புதர், மாலோ அல்ல. 1611-இல் ஒலி ஒத்துப்போகிறதே என்று போட்ட சொல்லை ஆதாரம் என்கிறீர்கள்.

வியன்னாக்காரி:
"ஐரோப்பா முழுக்க ஒரே பெயர்" என்பதே முதலில் தப்பு. இங்கே ஆஸ்திரியாவில் தொண்டை கட்டினால் மருந்துக்கடையில் கேட்பது 'கேசெபாப்பெல்' தேநீர். கேசெ என்றால் பாலாடைக்கட்டி. பூ உதிர்ந்ததும் புல்லிவட்டத்தை விலக்கிப் பார்த்தால், தட்டையாக, வட்டமாக, துண்டு துண்டாக வெட்டி அடுக்கிய கட்டி மாதிரியே காய் இருக்கும். பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். டச்சுக்காரர் 'காஷெஸ்க்ரௌட்' என்பதும், ஸ்வீடனில் 'கட்டுஸ்ட்', அதாவது பூனைப் பாலாடைக்கட்டி, என்பதும், ஹங்கேரியில் 'பாப்ஷாய்ட்', பாதிரியார் பாலாடைக்கட்டி, என்பதும் இதே காயைப் பார்த்துத்தான். ரஷ்யர் கோயிலில் கொடுக்கும் அப்பத்தை நினைத்து 'ப்ரஸ்வீர்னிக்' என்றார்கள். இதில் மலகோஸ் எங்கே?

இலைக்கறி:
போலிஷ் 'ஷ்லாஸ்', செக் 'ஸ்லேஸ்', வேல்ஸ் மொழியின் 'ஹோக்கிஸ்' எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாலிஹாக்கில் இருக்கும் 'ஹாக்' பழைய ஆங்கிலத்தில் மாலோதான். ஆனால் நான் கேட்டது எந்தச் செடி என்று.

ஓலைநறுக்கு:
அவை உள்ளூர் வட்டார வழக்குகள். நான் சொன்னது 'மால்' என்று தொடங்கும் பெயர்களை.

வியன்னாக்காரி:
டச்சு, ஸ்வீடிஷ், ரஷ்யன் வட்டார வழக்கா? அந்த நாட்டுக்காரர் முன்னால் சொல்லிப்பாருங்கள். ருமேனியர் லத்தீன் சொல்லையே 'நால்பா' ஆக்கிவிட்டார்கள், அது 'மால்' என்றுகூடத் தொடங்கவில்லை.

பாய்மரம்:
பதிவில் "ஐரோப்பா முழுக்க" என்று இருந்தது. இப்போது 'மால்' மட்டும் என்கிறார். நாளைக்கு எதுவரை சுருங்குமோ. எவ்வளவு சுருக்கினாலும் 'வ' நிற்கிறது.

பட்டறை:
ஒரு திருத்தம். பிரெஞ்சில் அது 'மாவ்' அல்லவா? நிறத்தின் பெயரை நாங்கள் துணிக்கடையில் அப்படித்தான் சொல்வோம்.

பாய்மரம்:
'மோவ்'தான். 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் கொய்னா செய்யப் போய் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். பிற்பாடு அதற்கு ஒட்டிக்கொண்டது இந்தப் பூவின் பிரெஞ்சுப் பெயர். பூவிலிருந்து எடுத்த சாயம் என்று யாராவது வரும் முன்பே சொல்லிவிடுகிறேன்: எடுத்தது நிலக்கரித் தாரிலிருந்து.

பட்டறை:
எங்கள் கடையில் முப்பது வருஷமாக 'மாவ்'. பெர்க்கின் வந்து மாற்ற வேண்டியதில்லை.

ஓலைநறுக்கு:
சாயத்துக்கு ஓடிவிட்டார், பார்த்தீர்களா. நான் கிரேக்கம் முறையாகப் படித்தவன். மலகோஸ், மலாகே இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைக்குக்கூட உறவு தெரியும்.

பாய்மரம்:
சின்னப் பிள்ளைக்குத் தெரிவதற்குப் பெயர் சொற்பிறப்பியல் அல்ல. முறையாகப் படித்தவர் ஒரே ஒரு சொல் காட்டட்டும்: கிரேக்கத்தில் மூச்சொலி 'க', லத்தீனில் 'வ'. ஒன்றே ஒன்று.

ஓலைநறுக்கு:
உங்களுக்குப் பாடம் எடுக்க எனக்கு நேரமில்லை. என் பதிவு அப்படியே இருக்கும், ஓர் எழுத்தும் மாறாது.

பாய்மரம்:
இருக்கட்டும். அதன் கீழேயும் போய் இதே கேள்வியைக் கேட்பேன். 'வ' எங்கிருந்து வந்தது?