ஆக்சியோ ஹைபிரிட்டா, வெசல் ஹைபிரிட்டா? "ஜப்பான் வண்டி" எண்ட பேரை மட்டும் நம்பி வேண்டலாமா?

கோண்டாவில்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு ஒரு கார் வேண்டப் போறன். ரெண்டு வண்டி பாத்து வைச்சிருக்கிறன். ஒண்டு 2014 டொயோட்டா ஆக்சியோ ஹைபிரிட், மற்றது 2014 ஹொண்டா வெசல் ஹைபிரிட். ரெண்டும் இஞ்சை பல வருசம் ஓடின வண்டி. ஓடிப் பாக்க ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.

அத்தான் "டொயோட்டா எண்டால் கண்ணை மூடிக்கொண்டு எடு" எண்டுறார். பக்கத்து வீட்டு அண்ணை ஹொண்டா எஞ்சினுக்கு நிகரில்லை எண்டுறார். மனிசிக்கும் பிள்ளையளுக்கும் வெசல்தான் விருப்பம், உயரமா இருக்கு, உள்ளுக்கு இடமும் கூட. அமெரிக்காவில இருக்கிற சித்தப்பா, அங்க எச்ஆர்-வி எண்ட பேரில விக்கிறது இதே வண்டிதான், அதுக்கு நல்ல பேர் எண்டு சொல்லி வாசகர் கணக்கெடுப்பு ஒண்டை அனுப்பினவர். ஆளாளுக்கு ஒண்டு சொல்லினம். உண்மையிலயே எதை வைச்சு முடிவெடுக்கிறது? ஓட்டம் யாழ்ப்பாணத்துக்குள்ளதான், இடைக்கிடை ஏ9 ஆல கொழும்பு. சேர்த்து வைச்ச காசு, அதுதான் யோசிக்கிறன்.

வவுனியா கராஜ்:
தம்பி, கொம்பனிப் பேரை விட்டிட்டு எந்தக் கியர்பொக்ஸ், எந்த வருசம் எண்டு கேளுங்கோ. இந்த ரெண்டு வண்டிக்கும் வித்தியாசம் அங்கதான் கிடக்கு.

ஆக்சியோ ஹைபிரிட்டில இருக்கிறது 1997 இல வந்த முதல் பிரியஸில இருந்து டொயோட்டா திருத்தித் திருத்திக் கொண்டுவந்த முறை. ஒரு பிளனற்றரி கியர் (நடுப் பல்சக்கரத்தைச் சுத்திச் சின்னச் சக்கரங்கள் சுழலுற தொகுதி), ரெண்டு மின்மோட்டர். கிளட்ச் இல்லை, பெல்ற் இல்லை, கியர் மாறுற வேலையும் இல்லை. தேயுற சாமான் குறைவு. அழுத்தி மிதிச்சா எஞ்சின் கத்தும், வண்டி பாஞ்சு போகாது. அதைப் பொறுத்துக்கொள்ளுற ஆக்களுக்கு நீண்ட காலம் உழைக்கும்.

வெசல் ஹைபிரிட்டில 7 கியர் டுவல் கிளட்ச், எண்டால் ரெண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிச்சுக் கியரைத் தானா மாத்துற முறை. உலர் கிளட்ச், ஒயிலுக்குள்ள இருக்காது. நீட்டு ஓட்டத்தில அருமையா இழுக்கும். ஊர்ந்து ஊர்ந்து போற நெரிசலிலயும் ஏத்தத்திலயும் கிளட்ச் அரைவாசி பிடிச்சபடி வழுக்கேக்கைதான் சூடேறும். இதே முறையோட 2013 செப்ரெம்பரில வந்த ஃபிட் ஹைபிரிட்டை 2014 ஒக்ரோபருக்குள்ள ஜப்பானில அஞ்சு தரம் ரீகோல் பண்ணினவை, எண்டால் பிழை திருத்த வண்டியளைத் திருப்பிக் கூப்பிட்டவை. 2014 பெப்ரவரி ரீகோலில வெசல் ஹைபிரிட்டும் இருந்தது. ஹொண்டாவின்ர தலைவரும் அதிகாரிகளும் இதுக்காகவே தங்கட சம்பளத்தில ஒரு பங்கை விட்டுக்குடுத்தவை. பிறகு 2020 ஃபிட்டிலயும் 2021 வெசலிலயும் அந்தக் கியர்பொக்சையே கைவிட்டிட்டு ரெண்டு மோட்டர் முறைக்குப் போயிட்டினம்.

உங்கட பக்கத்து வீட்டு அண்ணை எஞ்சினைப் பற்றிச் சொன்னது சரி. எஞ்சின் எடுத்த பேரைக் கியர்பொக்சுக்கும் சேத்துக் குடுக்கிறது சரியில்லை.

ஹட்டன் டிரைவர்:
நான் மலைப்பக்கம் வாடகைக்கு ஓட்டுறவன். முன்ன ஒரு டுவல் கிளட்ச் வண்டி வச்சிருந்தேன், கம்பெனி பேரு வேணாம். கினிகத்தேன ஏத்தத்துல லொறிக்குப் பின்னால ஊர்ந்தா சூட்டு எச்சரிக்கை வந்துரும், ஓரங்கட்டி ஆற விடணும். ஏத்தத்துல நிக்கும்போது பிரேக்க மிதிக்காம ஆக்சிலேட்டர்லயே வண்டிய தாங்கி நிறுத்துற பழக்கம் நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு இருக்கு. கிளட்ச தின்னுறதே அதுதான். வாங்குறதுக்கு முன்ன, அந்த வெசல இதுவரைக்கும் யாரு, எங்க ஓட்டினாங்கன்னு கேளுங்க. கொழும்பு ஒபிஸ் ஓட்டமும் கண்டி ரோட்டு நெரிசலும் பாத்த வண்டி ஒண்ணு, கிளிநொச்சில ஓடின வண்டி வேற. உங்க ஊரு சமதரை, அந்த வகையில உங்களுக்கு நல்லதுதான்.

வெள்ளவத்தை:
சித்தப்பா அனுப்பிய கணக்கெடுப்பு பற்றி: அந்தத் தலைமுறை எச்ஆர்-வி அமெரிக்காவில் 1.8 லீட்டர் பெட்ரோல் எஞ்சினோடு, சிவிடி (படிப்படியாக மாறாத தானியங்கிக் கியர்) அல்லது மேனுவல் கியரோடு விற்கப்பட்டது. இந்த ஹைபிரிட் அங்கே விற்கவே இல்லை. வெளித்தோற்றம் ஒன்று, உள்ளே ஓடுவது வேறு. ஆக்சியோ அந்தச் சந்தைக்கே போகவில்லை. ஆகவே அந்த மதிப்பெண்களை வைத்து இந்த இரண்டையும் ஒப்பிட முடியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஜப்பானில் புதுக் காருக்கு 3 வருடத்தில் ஷாக்கென் எனும் கட்டாய வாகனச் சோதனை முதல்முறை, அதன்பின் 2 வருடத்துக்கு ஒருமுறை. செலவு அதிகம் என்பதால் பலர் அதற்கு முன்பே விற்றுவிடுவார்கள். அப்படி ஏலத்துக்கு வந்த வண்டிகள்தான் நமக்கு வந்தன. "ஜப்பான் வண்டி கெடாது" என்று நாம் சொல்வதில் ஒரு பெரும் பங்கு அந்தக் கட்டாயச் சோதனைக்கும் நல்ல வீதிக்கும் உரியது. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் மறுபடி திறக்கும்வரை இங்கே இருந்த வண்டிகளே கைமாறிக்கொண்டிருந்தன. அந்த வருடங்களில் ஒயில் மாற்றியது யார், எப்போது என்பதுதான் இப்போது முக்கியம்.

செய்ய வேண்டியது: ஜப்பான் ஏலத்தில் வண்டியின் நிலையைக் குறித்துத் தரும் ஏலப் பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். தரம் 4 அல்லது 4.5 என்றால் நல்லது. ஆர் அல்லது ஆர்ஏ என்றிருந்தால் விபத்துக்குப் பின் திருத்திய வண்டி. பத்திரத்திலுள்ள வண்டிப் படத்தில் எக்ஸ்எக்ஸ் என்று குறித்திருந்தால் அந்தப் பகுதி மாற்றப்பட்டது, டபிள்யூ என்றால் தட்டிச் சீராக்கிய இடம். அதிலுள்ள மீற்றர் கணக்கையும் இப்போதைய கணக்கையும் ஒப்பிடுங்கள். பிறகு சேசிஸ் இலக்கத்தை உற்பத்தியாளரின் ஜப்பானிய ரீகோல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஆக்சியோ ஹைபிரிட் என்கேஈ165 என்று தொடங்கும், முன்சக்கர வெசல் ஹைபிரிட் ஆர்யூ3. ஏலத்தில் வாங்கி ஏற்றுமதியான வண்டியின் புது உரிமையாளர் யாரென்று உற்பத்தியாளருக்குத் தெரியாது, ரீகோல் கடிதம் உங்கள் வீட்டுக்கு வராது. நாமேதான் தேட வேண்டும்.

இதைக் காற்றுப்பைக்காகவும் வற்புறுத்துகிறேன். டகாட்டா என்ற ஜப்பான் நிறுவனத்தின் காற்றுப்பைகளில், பையை விரிக்க வைத்திருந்த அமோனியம் நைட்ரேட் வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நாடுகளில் காலப்போக்கில் கெட்டு, பை விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. உயிர்கள் போயின. டகாட்டா 2017 ஜூனில் திவாலானது. ஹொண்டா, டொயோட்டா, நிசான், மஸ்டா என எல்லாரும் அதை வாங்கியவர்கள்தான். நம் காலநிலை அதற்கு மிக மோசமானது. இந்த ஒரு சோதனையைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டாம்.

மட்டுநகர் ரீச்சர்:
நான் டொயோட்டா ரைஸ் ஓட்டுறன். டொயோட்டா சின்னம் இருந்தாலும் அதைச் செய்யிறது டைஹட்சு. 2023 மே மாசம் ரைஸ் ஹைபிரிட்டின்ட பக்க மோதல் சோதனையில முறைகேடு எண்டு வெளியில வந்திச்சு, டிசம்பரில 64 மொடலுக்கு அது விரிஞ்சு டைஹட்சு எல்லா வண்டியையும் அனுப்புறத நிறுத்தினாங்க. என்ட வண்டி ஒரு குறையுமில்லாம ஓடுது. ஆனா எஞ்சின் நல்லா ஓடுறதும் கொம்பனி நேர்மையா நடக்கிறதும் ரெண்டு வேற விசயம். சின்னத்த மட்டும் பாத்து எடுக்கிற ஆக்கள் இதையும் கவனிக்க வேணும்.

கோண்டாவில்காரன்:
எல்லாருக்கும் மெத்தப் பெரிய உபகாரம். வெசல் விக்கிறவர் ஏலப் பத்திரம் இல்லை எண்டிட்டார், அதை விட்டிட்டன். ஆக்சியோக்காரர் தந்தவர், தரம் 4. மீற்றர் கணக்கும் பொருந்துது. ரீகோல் பக்கத்திலயும் பாத்தன், செய்யாமல் விட்டதெண்டு ஒண்டும் காட்டேல்லை. "ஹைபிரிட் பற்றரி போன வருசம் மாத்தினது" எண்டு சந்தோசமாச் சொல்லுறார். அது நல்லதுதானே?

வவுனியா கராஜ்:
முழுப் பற்றரியா, அதுக்குள்ள இருக்கிற ஒரு மொடியூலா (சின்னப் பற்றரித் துண்டு) எண்டு கேளுங்கோ. இந்த வண்டியில 144 வோல்ற் நிக்கல் பற்றரி, 20 மொடியூல். ஒண்டு செத்தால் அதை மட்டும் கழட்டி வேற பழசைப் போட்டு எச்சரிக்கை விளக்கை அணைக்கிற ஆக்கள் இருக்கினம். மிச்சம் 19 உம் பழைய வயசுதானே, கொஞ்ச மாதத்தில அடுத்தது போகும். முழுசா மாத்தியிருந்தால் பில் இருக்கும், உத்தரவாதக் கடதாசி இருக்கும். ரெண்டும் இல்லையெண்டால் மாத்தேல்லை எண்டு நினைச்சு விலை பேசுங்கோ.

ஸ்கானர் போட்டு ஒருத்தர் பக்கத்தில இருந்து பாக்க, நீங்கள் நல்லா மிதிச்சு ஓடுங்கோ. எல்லாப் பற்றரித் தொகுதியின்ர வோல்ற்றும் சேர்ந்து இறங்கி சேர்ந்து ஏறவேணும். ஒண்டு மட்டும் தனியா விழுந்தால் அது போகப்போற பற்றரி. பின் சீற்றடியில பற்றரிக்குக் காத்து இழுக்கிற வாய் இருக்கு, அதையும் பாருங்கோ. எங்கட செம்மண் புழுதியும் சீற்றுப் பஞ்சும் அடைச்சால் விசிறியால இழுக்கேலாது, பற்றரி வெக்கையில சாகும். பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏத்தமாதிரி மாத்துற இன்வேட்டருக்கு எஞ்சின் கூலன்றோட சேராத தனிக் கூலன்ற், அது கடைசியா எப்ப மாத்தினது எண்டும் கேளுங்கோ.

கோண்டாவில்காரன்:
பில் இல்லையாம், தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் செய்தவனாம். ஸ்கான் பண்ண விடுறன் எண்டு சொல்லுறார். ஞாயிற்றுக்கிழமை உங்களிட்டையே கொண்டு வரட்டோ?

வவுனியா கராஜ்:
இவ்வளவு தூரம் ஓடி வந்தால் எஞ்சின் கொதிச்சுப்போய் வரும், ஆறின எஞ்சின் எப்பிடி ஸ்ராட் ஆகுது எண்டு பாக்கேலாது. கோண்டாவிலிலயே ஸ்கானர் உள்ள ஒரு கராஜில விடிய வெள்ளன விடச்சொல்லுங்கோ. விக்கிறவர் முதலே ஸ்ராட் பண்ணி வைக்காமல் பாத்துக்கொள்ளுங்கோ. அளவுகளின்ர படத்தை இஞ்சை போடுங்கோ, நான் பாத்துச் சொல்லுறன். அதுவரைக்கும் முற்பணம் குடுக்க வேண்டாம்.