ஃபிராக்ஷனல் சமன்பாட்டை (வகைக்கெழு ஒரு தடவை முழுசாக இல்லாமல் 0.5, 0.9 தடவை என்று பின்னமாக இருப்பது) கம்ப்யூட்டரில் ஓட்டியவர்கள் வாங்க, இன்னும் மண்டையைக் குடைகிற ஒரு சம்பவத்தைச் சொல்லுங்க

குழித்துறை ரப்பர்:
எல்1 முறை, அதாவது அடுத்தடுத்த புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து இந்த வகைக்கெழுவைக் கணக்கிடுவது, இங்கே எல்லாருக்கும் தெரியும், அதனால் நேராக வருகிறேன். ரப்பர் ஷீட் துண்டில் எடையைத் தொங்கவிட்டால் நேரம் ஆக ஆக அது எவ்வளவு நீள்கிறது என்பதை கபுட்டோ வகைக்கெழு (பழைய நிலையையெல்லாம் ஞாபகம் வைக்கிற பின்ன வகைக்கெழு) போட்டு மாடல் செய்வது என் வேலை. ஷீட் குலசேகரத்திலிருந்து வருகிறது, கைடு திருவனந்தபுரத்தில், நான் களியக்காவிளை தாண்டிப் போகிற பஸ்ஸில். ஆல்ஃபா, அதாவது அந்தப் பின்னம், 0.5. முறையின் வரிசை (ஸ்டெப் சிறிதாகும்போது பிழை எந்த அடுக்கில் குறைகிறது என்பது) 2 கழித்தல் ஆல்ஃபா, அதாவது 1.5, என்று பேப்பர் பேப்பராக எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் ஸ்டெப்பைப் பாதியாக்கும்போது பிழை 2.83-இல் ஒரு பங்காக வேண்டும். அட்டவணையை நீட்டினேன். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எடோ, இது ஒண்ணே பாயிண்ட் நாலு ஒண்ணல்லே?" என்றார். ஆமாம், ஒவ்வொரு வரியிலும் 1.41. பேனாவை எடுத்து முதல் ஸ்டெப்பின் பிழையை மட்டும் வட்டம் போட்டார், சாயா குடிக்கப் போய்விட்டார்.

அந்த வட்டம்தான் குடைகிறது. எடை தொங்கின அந்த நொடியில் விடை நேரத்தின் ஆல்ஃபா அடுக்கு போலக் கிளம்புகிறது, சாய்வு அங்கே முடிவிலி. 1.5 என்கிற நிரூபணமோ இரண்டாம் வகைக்கெழு வரம்புக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கிறது. 2017-இல் ஸ்டைன்ஸ், ஓரியார்டன், கிராசியா மூவரும் இதைப் பளிச்சென்று எழுதிவிட்டார்கள்: நேரப் புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்த வலையில் மொத்தத்துக்கும் கிடைப்பது ஆல்ஃபா வரிசைதான். அப்படியிருக்க, நேரத்தின் க்யூபை விடையாக வைத்து அதற்கேற்ப வலப்பக்கத்தைச் செய்துகொண்டு 1.5 வந்தது என்று காட்டுகிற பேப்பர்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றனவே, எந்த ரப்பர் நேரத்தின் க்யூப் போல நீள்கிறது?

செங்கோட்டை வாசி:
தம்பி, உங்களுக்கு முதல் ஸ்டெப் பிரச்சினை, எனக்குக் கடைசி ஸ்டெப். மண்ணில் தங்கின உப்பு மெல்ல மெல்லக் கழுவிப் போகிற மாடல். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் பழைய ஸ்டெப் அத்தனையையும் கூட்ட வேண்டும் என்பது தெரிந்ததுதான், லட்சம் ஸ்டெப் என்றால் 500 கோடிப் பெருக்கல். ராத்திரி ஓட விட்டுவிட்டுப் படுப்பேன், ஆடிக் காற்றில் கரண்ட் போகும், காலையில் ஒன்றும் இருக்காது. கூட வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர், "பழசு எல்லாம் எதுக்கு, கடைசி ஆயிரத்தை மட்டும் வெச்சுக்கோ, அதுக்கு ஷார்ட் மெமரின்னு பேரே இருக்கு" என்றார். ஓட்டினோம், நிமிஷத்தில் முடிந்தது. பாதி வரைக்கும் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று. அதற்கப்புறம் முழுசாக ஓட்டியதில் நீண்டு கிடந்த வால், வெட்டியதில் விறுவிறுவென்று பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தானே இருக்கு, உப்பு போயிடுச்சு" என்றார் பாருங்கள்! உப்பு போகாமல் வருஷக்கணக்கில் இழுக்கிறது என்பதைச் சொல்லத்தானே இந்த வகைக்கெழுவையே எடுத்தோம்.

பழசை வெட்டாமலே வேகமாக்கலாம். ஹைரர், லூபிச், ஷ்லிக்டே 1985-லேயே எஃப்எஃப்டி (வேக ஃபூரியர் மாற்றம்) வைத்து அந்தக் கூட்டலைச் சுருக்கி வழி சொல்லிவிட்டார்கள். அதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

தம்பிக்கு ஒன்று. ஆரம்பத்தில் பொடியாகவும் போகப்போக அகலமாகவும் இருக்கிற வலை போடு என்பார்கள். ஆல்ஃபா 0.5-க்கு அடுக்கு 3, அதாவது புள்ளியின் எண்ணை மொத்தப் புள்ளியால் வகுத்து க்யூப் எடுத்த இடத்தில் அந்தப் புள்ளி; ஆயிரம் புள்ளி எடுத்தால் முதல் ஸ்டெப் மொத்த நேரத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு. எடையைக் கையால் தொங்கவிடுகிற நேரத்துக்குள் அப்படி எத்தனை லட்சம் ஸ்டெப் போய்விடும்? அந்த முடிவிலிச் சாய்வை உங்கள் கருவி ஒருநாளும் பார்த்திருக்காது.

கஞ்சிக்கோடு டீச்சர்:
வேகம், வரிசை எல்லாம் அப்புறம். மாடலே அலகில் இடிக்கிறது, அதை யாரும் பேசவில்லையே. பாலக்காடு பக்கம் ஒரு கருத்தரங்கு, டெங்கு மாடல், எஸ்ஐஆர் சமன்பாட்டில் (எஸ் நோய் வரக்கூடியவர்கள், ஐ நோயாளிகள், ஆர் குணமானவர்கள், பீட்டா தொற்று வேகம்) சாதாரண வகைக்கெழுவை எடுத்துவிட்டு 0.9 போட்டிருந்தார்கள். வண்ண வண்ணமாக வரைபடம். கடைசி வரிசையில் ஓய்வு பெற்ற பிசிக்ஸ் சார் ஒருவர், வேட்டி, கையில் குடை, எழுந்து நின்று, "இடப்பக்கம் நாளோட மைனஸ் 0.9 அடுக்கு, வலப்பக்கம் பீட்டா நாளோட மைனஸ் 1. ரெண்டும் எப்படிச் சமமாகும்?" என்று கேட்டார். பேசியவர், "ஆல்ஃபா ஒன்றானால் சரியாகிவிடும் சார்" என்றார். சிரிப்பு. தலைமை தாங்கியவர் நேரமாகிவிட்டது, சாப்பிடலாம் என்றார். சார் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், பதில் வரவில்லை.

பீட்டாவை ஆல்ஃபா அடுக்குக்கு உயர்த்தலாம், இல்லையென்றால் இடப்பக்கத்தை ஒரு கால மாறிலியின் ஆல்ஃபா கழித்தல் 1 அடுக்கால் பெருக்கலாம். இரண்டும் வெவ்வேறு மாடல், அதனால் எதை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். எஸ்-க்கு ஒரு ஆல்ஃபா, ஐ-க்கு ஒரு ஆல்ஃபா என்று தனித்தனியாகப் போடுகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், மொத்த மக்கள்தொகை தானாகக் கூடிக் குறையும்.

புளியரை:
எனக்குச் சம்பவம் எல்லாம் இல்லை. நேரம் 0-வில் முடிவிலியாக வெடிக்காத கெர்னல் (பழசுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று சொல்கிற சார்பு) வந்துவிட்டதே, கபுட்டோ-ஃபாப்ரிசியோ, 2015. அதைப் போட்டால் குழித்துறை தம்பிக்கு முதல் ஸ்டெப் தொல்லையே கிடையாது.

கஞ்சிக்கோடு டீச்சர்:
தொல்லை இல்லைதான், அதோடு விடையும் இல்லை. அந்த வகைக்கெழு நேரம் 0-வில் எப்போதும் 0. அப்படியானால் வலப்பக்கமும் அங்கே 0 ஆக வேண்டும். எடை தொங்குகிற ரப்பரில் அது எப்படி 0 ஆகும்? 2020-இல் டீத்தெல்ம், கராப்பா, ஜியுஸ்டி, ஸ்டைன்ஸ் நால்வரும் இப்படிப்பட்ட கெர்னல்களை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று தலைப்பிலேயே எழுதிவிட்டார்கள்.

கம்பம் மாஸ்டர்:
என் கதை சின்னது. மிட்டாக்-லெஃப்லர் சார்பு பற்றி, அதாவது இந்தச் சமன்பாடுகளின் விடையில் எக்ஸ்பொனென்ஷியல் இடத்தில் வருவது. குமுளியில் மழைக்கு ஒதுங்கின இடத்தில் மாணவன் ஒருவன் போனை நீட்டி, "சார், மிட்டாக்-லெஃப்லர் மதிப்பு இவ்வளவு பெரிசா வருமா?" என்றான். திரை முழுக்க இலக்கம். ஆல்ஃபா 0.5, உள்ளே மைனஸ் 10. வர வேண்டியது 0.056.

இனி எல்லாருக்கும் சொல்கிறேன். அந்தச் சார்பைத் தொடரைக் கூட்டிக் கணக்கிடாதீர்கள். மைனஸ் 10-க்கு உறுப்புகள் 10-இன் 42-ஆம் அடுக்கு வரை ஏறி ஒன்றை ஒன்று அடிக்கும், கம்ப்யூட்டரிடம் இருப்பது 16 இலக்கத் துல்லியம், மிஞ்சுவது குப்பை. கராப்பா மேட்லாப் நிரலாகவே போட்டிருக்கிறார், அதை எடுங்கள். ஆல்ஃபா 0.5 மட்டும் என்றால் அதுவும் வேண்டாம், எர்ஃப்சி-யை (நிரப்புப் பிழைச் சார்பு) வைத்தே எழுதிவிடலாம். உள்ளே மைனஸ் 1 போட்டால் 0.4276 வர வேண்டும், வராவிட்டால் மேலே போகாதீர்கள். எந்த முறையையும் முதலில் இந்த எளிய தளர்வுச் சமன்பாட்டில் (ஆல்ஃபா வகைக்கெழு, விடையின் மைனஸுக்குச் சமம்) ஓட்டுங்கள், நேரத்தின் க்யூபில் ஓட்டாதீர்கள், அந்த விஷயத்தில் குழித்துறை தம்பி சொன்னது சரி. டீத்தெல்ம், ஃபோர்ட், ஃப்ரீட் மூவரின் 2002 பிரிடிக்டர்-கரெக்டரை (முதலில் ஊகித்துப் பிறகு திருத்துகிற முறை) எடுப்பவர்களும் அதில் சொன்ன வரிசை விடை மென்மையாக இருந்தால்தான் என்பதைப் படித்துவிட்டு எடுங்கள். செங்கோட்டைக்காரரே, கருவி பார்க்காது என்பதற்காக முதல் ஸ்டெப்பை விட்டுவிட முடியாது, சமன்பாட்டுக்கு ஞாபகம் இருக்கிறது, அங்கே விழுந்த பிழை பின்னால் வருகிற எல்லா ஸ்டெப்பிலும் கூட வரும். டீச்சர் சொன்ன அலகு விஷயம் சரிதான், ஆனால் அது மாடல் எழுதுகிறவர் வேலை, ஓட்டுகிறவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

செங்கோட்டை வாசி:
மாஸ்டர், கூட வரும், ஆனால் தேய்ந்துகொண்டே வரும். தூரத்தில் போனால் அதே சம வலையில் ஒன்றாம் வரிசை கிடைக்கிறது. எனக்கு வேண்டியது வால், தம்பிக்கு வேண்டியது தலை. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து எழுதாதீர்கள்.

குழித்துறை ரப்பர்:
அடுக்கு 3 வலை போட்டேன், இப்போது 2.8 பக்கம் வருகிறது. 0.4276-உம் வந்தது மாஸ்டர். செங்கோட்டை அண்ணன் சொன்னதும் சரியாகத்தான் இருக்கிறது, எங்கள் லாகர் நொடிக்கு ஒரு அளவுதான் எடுக்கிறது. டீச்சர், என் மாடலில் கால மாறிலி எங்கே போனது என்று சாரிடம் திங்கட்கிழமை கேட்கிறேன், அங்கே ஹர்த்தால் இல்லாவிட்டால்.