தொழிலுக்காகச் சமூக ஊடகம்: கட்சிக்காரர் ரகசியமும் நம் பெயரும்

மதுரையிலிருந்து ஒரு வழக்கறிஞர்:

குடும்ப நல வழக்குகள்தான் நான் அதிகம் பார்ப்பது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கமே போகாமல் இன்றைக்கு ஓர் இளம் வக்கீல் பெயரெடுப்பது கஷ்டம், அது எனக்கும் தெரியும். ஆனால் நான் பார்த்தவரை, எங்கள் தொழிலில் பெயர் கெடுவது பெரும்பாலும் கட்சிக்காரர் விஷயம் கசியும்போதுதான்.

தெரிந்த ஒரு சீனியரின் சேம்பரில் நடந்தது. அங்கிருந்த ஜூனியர் தம்பி மேசைமேல் கருப்புக் கோட்டு, காபி டம்ளர் எல்லாம் வைத்து அழகாக ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். கோட்டுக்கு அடியில் ஒரு கேஸ் கட்டு. அதன் மேல் தாளில் ஹெச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மனு) எண், மனுதாரர் பெயர், எதிர்மனுதாரர் பெயர், அடுத்த வாய்தா தேதி எல்லாம் ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதியிருந்தது. விவாகரத்து மனு போட்டிருப்பதை அந்தப் பெண் இன்னும் தன் அப்பாவிடமே சொல்லவில்லை. மதியத்துக்குள் பெரியப்பா வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. சாயங்காலம் சேம்பருக்கு வந்த அந்தப் பெண் சீனியரிடம், "மேடம், கட்டைக் குடுத்துடுங்க, வேற வக்கீல் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். சண்டை போடவில்லை. நோ அப்ஜெக்‌ஷன் (வேறு வக்கீல் வைக்க ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், சரி. அதற்குள் யார் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கே அனுப்பினார்கள் என்று யாரைக் கேட்பது? அந்தச் சீனியரின் பல வருட உழைப்புக்கு அது பெரிய அடி. தம்பியைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை. மேசையைப் படமெடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லித்தர வேண்டியது சீனியர்களின் பொறுப்பு.

ஜெயித்த வழக்கின் தீர்ப்பு நகலைப் போடுவது, நீதிமன்றப் படிக்கட்டில் நின்று ரீல்ஸ் போடுவது எல்லாம் வழக்கமாகிவிட்டது. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி 36, ஆள் பிடிப்பதையும் விளம்பரத்தையும் மட்டும் தடுக்கவில்லை. தான் நடத்தும் வழக்கு தொடர்பாகத் தன் படம் வெளிவரச் செய்வதையும் தடுக்கிறது. 2008-இல் வந்த தளர்வுப்படி இணையதளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறை வழக்குகள் பார்க்கிறோம் என்பது போன்ற விவரங்களைப் போடலாம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஆன்லைன் விளம்பரங்களைக் கண்டித்து நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2025 மார்ச்சில் பார் கவுன்சிலே ரீல்ஸ், இன்ஃப்ளூயன்சர் விளம்பரங்களை எச்சரித்து அறிக்கை விட்டது. "எல்லாரும்தானே போடறாங்க" என்று ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன்னால் சொல்ல முடியாது.

அப்புறம் என்னதான் போடுவது? பொதுவான சட்டம். 2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, பழைய 420 இப்போது 318(4) என்பது போல அடிக்கடி புழங்கும் பிரிவுகளை எளிய தமிழில் எழுதிப் போட்டேன். ஸ்டேஷனுக்கு அலைகிறவர்களுக்கு அது உபயோகமாக இருந்தது. அந்த மாதிரிப் பதிவின் கீழே சிலர் தங்கள் வீட்டுப் பிரச்சினை முழுவதையும் கொட்டிவிடுகிறார்கள்: கணவர் பெயர், ஊர், நகை எத்தனை பவுன் என்பது வரை. எதிர்த் தரப்பும் அதைப் படிக்கும். நான் உடனே அந்தப் பின்னூட்டத்தை மறைத்துவிட்டு, "இங்கே எழுத வேண்டாம், உங்கள் ஊர் இலவச சட்ட உதவி மையத்துக்கோ தெரிந்த வக்கீலிடமோ நேரில் போங்கள்" என்று தனியாகச் சொல்வேன்.

ஒரு தோல் மருத்துவர்:

மேடம் சொன்னது எங்களுக்கும் அப்படியே பொருந்தும். எங்களிடம் இது 'சிகிச்சைக்கு முன், பின்' படங்களாக வருகிறது. அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் சமூக ஊடகத்துக்கென்றே தனி வழிகாட்டுதலோடு புது விதிகள் கொண்டுவந்து, அதே மாதம் நிறுத்திவைத்தது. நிறுத்திவைத்தால் எல்லாம் போடலாம் என்று அர்த்தமில்லை. கண்ணில் கருப்புப் பட்டை போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கழுத்து மச்சமும் காதுத் தோடும் போதும், சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. கூகுளில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, "காசு பிடுங்கினார், முகம் இன்னும் மோசமானது" என்று எழுதியிருந்தார். எழுதிக் கொடுத்த களிம்பை நிறுத்திவிட்டுக் கடையில் சொன்ன ஸ்டீராய்டு க்ரீமைப் போட்டிருந்தார், அது கேஸ் ஷீட்டில் இருக்கிறது. ரிசப்ஷனில் இருக்கும் பெண் கோபத்தோடு அதையே பதிலாக டைப் செய்து காட்டினார். வேண்டாம் என்றேன். அவர் என்னிடம் வந்தார் என்று ஒப்புக்கொள்வதே ரகசிய மீறல். "உங்கள் குறையைக் கேட்க விரும்புகிறோம். க்ளினிக் எண்ணுக்கு அழையுங்கள்" என்று மட்டும் போட்டோம். அந்த நட்சத்திரம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. என் பக்க நியாயத்தைச் சொல்ல முடியாதது வலிக்கிறது. ஆனாலும் மற்ற நோயாளிகளும் அந்தப் பதிலைப் படிப்பார்கள். அவர்கள் விஷயத்தையும் நான் சபையில் வைக்க மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒரு சந்தேகம்: என் படத்தை வைத்து வேறு யாரோ ஒரு கணக்கு தொடங்கி முகப்பரு மருந்து விற்கிறார்கள். என்ன செய்வது?

மறுபடி மதுரை வழக்கறிஞர்:

டாக்டர், ரிப்போர்ட் பட்டனை அழுத்தும் முன்னால் அந்தக் கணக்கின் முகவரி, பதிவுகள், அவர்கள் கொடுத்திருக்கும் போன் எண், யு.பி.ஐ. விவரம் எல்லாம் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கணக்கு நீக்கப்பட்டுவிட்டால் ஆதாரமும் போய்விடும். அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். யாராவது பணம் கட்டி ஏமாந்திருந்தால் அவர்களை உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி-இல் வரும், 3 ஆண்டு வரை சிறை. உங்கள் உண்மையான பக்கத்தில் "நான் ஆன்லைனில் மருந்து விற்பதில்லை" என்று ஒரு வரி போட்டு, அது எப்போதும் மேலேயே நிற்கும்படி 'பின்' செய்துவிடுங்கள். அதை இன்றைக்கே செய்யுங்கள், புகாருக்கு ரசீது வரும்வரை காத்திருக்க வேண்டாம்.