ரூட் நிரம்பிவிட்டது, ஹோமிலிருந்து இடம் எடுக்கலாமா?

கேள்வி:
உபுண்டு 22.04 லினக்ஸ். டிஸ்கில் ரூட்டுக்கு (சிஸ்டம் இருக்கும் பகுதி) 25 ஜிபி, மீதி எல்லாம் ஹோமுக்கு (என் ஃபைல்கள் இருக்கும் பகுதி). இப்போது அப்டேட் போட்டால் இடமில்லை என்று பாதியிலேயே நிற்கிறது, லாகின் திரையும் வந்து வந்து போகிறது. ஹோமில் 300 ஜிபி சும்மா கிடக்கிறது. ஃபார்மட் செய்யாமல் மாற்ற முடியுமா?

பதில்:
முதலில் எது இடத்தைத் தின்கிறது என்று பாருங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் டெர்மினல் வரும். பெரும்பாலும் ஜர்னல் லாக் (சிஸ்டத்தின் பதிவுகள்), ஆப்ட் கேஷ் (இன்ஸ்டாலுக்காக இறக்கிய ஃபைல்கள்), ஸ்னாப் ஆப்களின் பழைய பதிப்புகள்தான். பழைய கர்னல்களை (சிஸ்டத்தின் மையப் பகுதி) ஆப்டின் ஆட்டோரிமூவ் கட்டளை கொடுத்தே நீக்குங்கள், பூட் ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழிக்கவே வேண்டாம்.

இன்னொரு பதில்:
சுத்தம் செய்தாலும் 25 ஜிபி திரும்ப நிரம்பும். லைவ் யுஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே உபுண்டு ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து, டிஸ்க் பகுதிகளை மாற்றும் ஜிபார்ட்டட்டைத் திறவுங்கள். ஹோமின் இடது ஓரத்தை நகர்த்தி 40 ஜிபி விடுவித்து, ரூட்டை வலப்பக்கம் நீட்ட வேண்டும். இடது ஓரம் நகரும்போது உள்ளே இருக்கும் தரவு முழுக்க இடம்பெயரும், மணிக்கணக்கில் ஆகலாம், நடுவில் கரண்ட் போனால் ஹோமே போய்விடலாம், அதனால் வெளி டிஸ்கில் பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள். ஹோமின் ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களைச் சேமிக்கும் அமைப்பு) எக்ஸ்எஃப்எஸ் என்றால் சுருக்கவே முடியாது.

கேட்டவர்:
எக்ஸ்ட்4தான். ஜர்னல் மட்டுமே 2 ஜிபிக்கு மேல், குறைத்ததும் லாகின் வந்துவிட்டது, நன்றி. ஆனால் ரூட்டுக்கும் ஹோமுக்கும் நடுவில் ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் பகுதி) இருக்கிறதே, ரூட்டை எப்படி நீட்டுவது?

பதில்:
அதை நீக்கிவிட்டு ஸ்வாப் ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். எஃப்ஸ்டேபில் (பூட்டின்போது எந்தப் பகுதிகளை இணைப்பது என்ற பட்டியல்) அந்த வரியையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பூட்டிலும் இல்லாத ஸ்வாப்புக்காக 90 விநாடி காத்திருக்கும்.