சரவாக் ஆத்துல போய் இபான் மக்களோட தங்குனது

சிங்கப்பூர்லேர்ந்து மலேசியாவோட சரவாக் மாநிலத் தலைநகர் கூச்சிங் ஒன்றரை மணி நேர ஃபிளைட்தாங்க, ஆனா அங்கேர்ந்து இபான் பழங்குடி மக்கள் வாழுற பாத்தாங் ஆய் போக நாலஞ்சு மணி நேரம் வேன்ல போகணும், அப்புறம் ஏரியத் தாண்டி ஆத்துல மரப்படகு. முன்னாடி ஒருத்தர் கம்ப ஊனி பாறை பாத்துச் சொல்ல, பின்னாடி ஒருத்தர் இஞ்சின் பிடிக்க, தண்ணி கொறைஞ்ச எடத்துல நாங்களும் எறங்கித் தள்ளுனோம்.

பல குடும்பங்க ஒரே கூரைக்குக் கீழ வாழுற நீள வீடுதான் லாங்ஹவுஸ். அதுல ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிலிக்னு தனி அறை, அதுக்கு முன்னால வீடு முழுக்க ஒரே நீளமா ஓடுற பொது இடம் ருவாய். நம்ம பழைய எச்டிபி அடுக்குமாடி காரிடார் மாதிரின்னு வச்சுக்கோங்க, ஆனா இங்க யாரும் கதவச் சாத்திட்டு உள்ள இருக்குறதில்ல, பாய் பின்றது, வலை சரிபண்றது, பஞ்சாயத்து எல்லாமே அங்கதான். வெளிய தாஞ்சுங்கற திறந்த மேடையில மிளகு காயுது, கூட வந்த எங்கம்மா அத அள்ளி மோந்து பாத்துட்டு அங்கேயே ஒக்காந்துட்டாங்க.

மூங்கில்ல வேகவச்ச கோழி கொண்டாந்தாங்க, அம்மாவுக்கு அன்னிக்கு விரதம். குடுத்தத தொடாம கெளம்புனா வழியில கெட்டது நடக்கும்னு அவங்க நம்பிக்கை, அதனால வெரலால தொட்டு ஒதட்டுல வச்சா போதும்னாங்க, அம்மா அப்படியே செஞ்சாங்க, ரெண்டு பக்கமும் சந்தோஷம்.

ராத்திரி ஒரு பாட்டி அம்மாவோட மலாய்ல பேசுனாங்க. நாங்க ஃபோட்டோ எடுத்துத் தள்ளுன அந்த ஏரி 1985ல முடிஞ்ச அணையால வந்தது, அவங்க பொறந்த வீடு, டுரியான் மரம், தாத்தா பாட்டியப் பொதைச்ச எடம் எல்லாம் அதுக்கு அடியிலதான் இருக்காம். அந்த அணைக்காக 3,000 பேர் கிட்ட எடம் மாறியிருக்காங்க. சரவாக்லயே பிறகு வந்த பாக்குன் அணையில சுமார் 10,000 பேர், அதோட நீர்த்தேக்கம் மட்டும் கிட்டத்தட்ட 700 சதுர கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட நம்ம சிங்கப்பூர் அளவு. இத எந்த டூர் கைடும் எங்ககிட்ட சொல்லல, எனக்கு அது இன்னும் ஆறல.

அதனால போறவங்க டான்ஸ் பாத்துட்டு அன்னிக்கே திரும்பாதீங்க, ராத்திரி தங்குங்க. ஜூன் 1 கவாய் அறுவடைத் திருநாள் சமயம்னா வெளியூர்ல வேல பாக்குற புள்ளைங்களும் வீட்டுக்கு வந்திருப்பாங்க. புவா கும்புங்கற இபான் கைத்தறித் துணி வாங்குனா நெய்தவங்க கையிலேயே காசு குடுங்க, ஒண்ணு நெய்ய மாசக்கணக்குல ஆகும். மலாய் பேசத் தெரிஞ்ச பெரியவங்க யாராச்சும் வீட்டுல இருந்தா கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க, எங்கம்மா இல்லாட்டி அந்தப் பாட்டி கதை எனக்குக் கெடைச்சிருக்காது.