‘கேன்சல்’ பொத்தானுக்கு ஒரே சொல் போதுமா?

அன்புள்ள மென்பொருள் தமிழாக்கக் குழுவினருக்கு,

வணக்கம். செயலிகளின் திரைகளில் வரும் ‘கேன்சல்’ என்ற வினைக்கு எல்லா இடத்திலும் ‘ரத்து செய்’ என்றே இட்டுவிடலாம் என்று சென்ற வாரம் முன்மொழிந்தவன் நான்தான். இப்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நானே தமிழாக்கிய ஒரு பயணச்சீட்டுச் செயலியை பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து என் அத்தை பயன்படுத்தியதைப் பார்த்த பிறகு, அந்த முன்மொழிவை ஆதரிக்க எனக்கு வாய் வரவில்லை. கன்டோன்மென்ட் ரயில் நிலையத்திலிருந்து ஜோலார்பேட்டைக்கு எடுத்திருந்த சீட்டு அவருக்கு வேண்டாமென்று ஆகிவிட்டது. திரையில் ‘இந்தப் பயணச்சீட்டை ரத்து செய்யவா?’ என்ற கேள்வியும், அதன் கீழே ‘சரி’, ‘ரத்து செய்’ என்று இரண்டு பொத்தான்களும் தோன்றின. அவர் தயங்காமல் இரண்டாவதை அழுத்தினார். அந்தப் பொத்தானோ கேள்விப் பெட்டியை ஒன்றும் செய்யாமல் மூடுவதற்கானது; சீட்டு அப்படியே இருந்தது. “ரத்து பண்ணணும்னுதானேப்பா ரத்தை அமுக்கினேன்?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் விடையில்லை.

குழப்பத்தின் வேர் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அந்தச் சொல் குறுக்குக் கம்பி வேலியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எழுதியதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்து அதைச் செல்லாமலாக்குவதே அதன் பழைய பொருள். பின்னர் பயணத்தை நிறுத்துவது, சந்தாவை முறிப்பது, அஞ்சல் தலையில் முத்திரை குத்துவது, திறந்த சாளரத்தை ஒன்றும் செய்யாமல் மூடுவது என்று எல்லாமே அந்த ஒரு வினைக்குள் புகுந்துவிட்டன. தமிழ் அப்படிச் சேர்த்துக் கட்டவில்லை. கணக்கில் எழுதியதை அடிக்கிறோம்; அஞ்சல் தலையில் முத்திரை குத்துகிறோம்; 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகளைப் பற்றித் தெருவெல்லாம் பேசப்பட்ட சொல் ‘செல்லாது’ என்பதுதான். பெரியபுராணத்தில் புத்தூர் மணப்பந்தலில் சுந்தரர், தம்மை அடிமை என்று உரிமை கோரி வந்த கிழவரின் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தபோதும் அடிமைச் சாசனம் ரத்தாகவில்லை. கிழிந்தது படியோலை, மூல ஓலை கிழவரிடம் பத்திரமாக இருந்தது. கைப்பேசியில் வந்த சீட்டுக் குறுஞ்செய்தியை அழித்துவிட்டால் பயணமே ரத்தாகிவிட்டதாக நம்புகிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் நான் சொல்வது வழக்கம்.

‘ரத்து’ வேற்றுச் சொல், அதையே விலக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அரபியில் திருப்புதல், மறுத்தல் என்ற பொருளுடைய ‘ரத்’ என்ற சொல்லே இந்தியிலும் மராத்தியிலும் கன்னடத்திலும் தமிழிலும் வழங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் ‘ரயில்கள் ரத்து’ என்று தலைப்பிடவும், ‘ரத்தாகிவிட்டது’ என்று தன்வினையாகச் சொல்லவும், ‘ரத்து செய்தார்’ என்று பிறவினையாக்கவும் இடங்கொடுக்கும் சொல்லை, அதன் பிறப்பைப் பார்த்துத் தள்ளுவதற்கில்லை. மொழிமுதலில் ரகரம் வராது என்பவர்கள் ‘இரத்து’ என்று எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அதில் வழக்கில்லை.

என் கேள்வி, அது எந்த நிலையில் பொருந்துகிறது என்பதே. உறுதியாகி நடைமுறைக்கு வந்த ஒன்றை, முன்பதிவையோ உரிமத்தையோ ஆணையையோ, இல்லையென்று ஆக்கும்போது மட்டுமே தமிழர் ‘ரத்து’ என்கிறோம். தொடங்கி நடந்துகொண்டிருப்பது பாதியில் நின்றால் வேறு சொல் வந்துவிடுகிறது. 2019 ஏப்ரல் 30 அன்று சின்னசாமி அரங்கில் பெங்களூரு, ராஜஸ்தான் அணிகள் மோதிய ஆட்டம் மழையால் 5 ஓவர்களாகச் சுருக்கப்பட்டு, அதுவும் முடியாமல் நின்றது. அத்தகைய ஆட்டத்தை நாம் ‘கைவிடப்பட்டது’ என்போம். இன்னும் தொடங்காத ஒன்றை விலக்குவதற்கோ நம் வாயில் வருவது ‘வேண்டாம்’, ‘விடு’ என்பவைதான். இந்த நகரத்து ஆட்டோக்காரர் ஒருவர் நேற்று என்னிடம் தமிழில், “அந்தப் பக்கம் வரமாட்டேன் சார், நீங்களே கேன்சல் பண்ணிடுங்க” என்று சொன்னது இதற்கு மாறாகத் தோன்றலாம். அவர் சொன்னது பதிவாகிவிட்ட சவாரியை. அதனால் அங்கே ‘ரத்து’ சரியாகவே பொருந்தும். அதே செயலியில் இறங்குமிடத்தைத் தேடும் பெட்டியை மூடும் பொத்தானிலும் ‘ரத்து செய்’ என்று இருப்பதுதான் பிழை. அங்கே ரத்தாவதற்கு எதுவுமே இல்லை.

ஆகவே என் புதிய முன்மொழிவு: பதிவானதற்கு ‘ரத்து செய்’, ஓடிக்கொண்டிருக்கும் பணிக்குக் ‘கைவிடு’, கேள்விப் பெட்டிகளுக்கு ‘வேண்டாம்’. ‘நீக்கு’ அழிப்பதற்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டதாலும், ‘தவிர்’ முன்கூட்டியே ஒதுங்குவதைச் சொல்வதாலும் அவற்றைச் சேர்க்கவில்லை. ‘தள்ளுபடி’ நீதிமன்றத்துக்கும் கடனுக்கும் துணிக்கடைக்கும் உழைத்தே களைத்துவிட்டது, அதை விட்டுவிடலாம்.

‘வேண்டாம்’ ஏவல் வினையல்லவே, மற்ற பொத்தான்களோடு ஒட்டாதே என்ற தடை எழும். ‘செய்யவா?’ என்று திரை கேட்கும்போது பயனர் இடுவது கட்டளையன்று, பதில். ‘சரி’ என்பதும் ஏவல் இல்லையே. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்தான் இருக்க வேண்டும் என்ற தடை இதைவிடக் கனமானது, ஏனெனில் மொழிபெயர்ப்புகளைச் சேர்த்துவைக்கும் கெட்டெக்ஸ்ட் கோப்பில் ஒரே ஆங்கிலச் சரம் (திரையில் தோன்றும் சொல் அல்லது வரி) பத்து இடங்களில் வந்தாலும் ஒரே மொழிபெயர்ப்பைத்தான் பெறும். ஆயினும் சரத்தோடு சூழல் குறிப்பைச் சேர்த்தால் அவற்றைப் பிரிக்க அதிலேயே வழியுண்டு. நிரலாளர்களிடம் அந்தக் குறிப்பைக் கேட்டுப் பெறுவது நம் வேலை. கிடைக்காத இடங்களில், தீங்கு மிகக் குறைந்த ‘வேண்டாம்’ இருக்கட்டும்.

அச்சுப்பொறி வரிசை ஒன்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 40 பக்கங்களில் 12 வெளிவந்த பின் நிறுத்தினால் ‘கைவிடு’ பொருந்துகிறது. முதல் தாளே இன்னும் உள்ளே இழுபடாமல் வரிசையில் காத்திருக்கும் பணிக்கு ‘ரத்து’ என்பதா, ‘வேண்டாம்’ என்பதா? அச்சகத்தில் வேலை செய்யும் உறுப்பினர்கள் அங்கே என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால், வெள்ளிக்கிழமைக்குள் கோப்பைத் திருத்திப் பதிவேற்றிவிடுவேன்.